மூன்று விரலுக்கு ஒரு கத்தி

கத்தி வாங்கப் போகிறவன் கத்தியைப் பார்ப்பான். என் மச்சான் சவரிமுத்து அதைப் பார்க்கவேயில்லை. கேகாலையில் கபூர் நானாவின் இரும்புக் கடையில், கண்ணாடிப் பெட்டிமேல் பரப்பி வைத்த மடக்குக்கத்திகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, முதலில் ஒரு கோப்பை தண்ணீர் கேட்டார்.

"குடிக்கவா தம்பி?"

"கையை நனைக்கணும் நானா. ஈரக் கையில நிக்கிற கத்திதான் எனக்கு வேணும்."

"நல்லாருக்கு. கத்தி வாங்க வந்தீங்களா, கை கழுவ வந்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டே நானா கோப்பையை நீட்டினார். மச்சான் சட்டைப் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தார். நானாவின் சிரிப்பு பாதியில் நின்றது. பெருவிரல் இருந்தது. கடைசி இரண்டு விரல்கள் இருந்தன. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்தில் தையல் தழும்பு மட்டும்தான். நானா உள்ளே போய் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

இது 2001ஆம் ஆண்டு, சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த கையோடு நடந்தது. முந்தின வருஷம் வரைக்கும் மச்சான் ரப்பர் பால் வெட்டினவர். எங்கள் தோட்டம் அரநாயக்க போகிற பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது. நானும் அங்கேதான் பால் வெட்டுகிறேன். என் அக்கா செலினாவை அவருக்குக் கட்டிக்கொடுத்த நாள் முதல் ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பராவில் இருக்கிறோம். நடுவில் ஒரே ஒரு சுவர். அவர் வெட்டின மரத்தில் காயம் தேடினாலும் கிடைக்காது. பட்டையை மட்டும் சீவுவார், மரத்துக்கு வலிக்காது. நான் வெட்டின மரத்தைப் பார்த்துவிட்டு, "சாள்ஸு, மரத்துக்கும் ஒனக்கும் என்னடா பகை?" என்று கேட்பார்.

மழை பிடித்துவிட்டால் பால் வெட்டு இல்லை. அந்த நாட்களில் ஆட்களை பெக்டரிக்கு அனுப்புவார்கள். ரப்பர் ஷீட் உருட்டுகிற மெசினுக்கு முன்னால் ஒரு தகரக் காப்பு இருக்கவேண்டும். அது கழன்று விழுந்து மாதக்கணக்காகியிருந்தது. மாட்டித் தாருங்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்பதே பதில். அந்த நாளை வருவதற்குள் மச்சானின் கை உள்ளே போய்விட்டது. மறுநாள் காலையில் காப்பு மாட்டிவிட்டார்கள். அதற்கு வேண்டிய ஆணியும் தகரமும் பெக்டரிக்குள்ளேயே கிடந்ததாம்.

லயத்துக் காம்பரா யாருக்கும் சொந்தமில்லை. குடும்பத்தில் ஒருவருடைய பேராவது தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் காம்பராவை விடவேண்டும். அக்காவுக்கு இளைப்பு வியாதி. புகைக்கூட்டில் ஷீட் காயப்போட்டுக் காயப்போட்டு வாங்கிக்கொண்டது. அவளுடைய பேரை முன்பே வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது மச்சானுடைய பேர் ஒன்றுதான். அதுவும் போனால் அடுத்த பேர் அவர்களுடைய ஒரே மகள் நிரோஷாவினுடையது. அவளுக்கு அப்போது பதினாறு நடந்துகொண்டிருந்தது. அந்த டிசம்பரில் ஓ.எல். சோதனை, பள்ளிக்கூடத்துப் பெரிய பரீட்சை. எங்கள் லயத்திலிருந்து அந்தச் சோதனைக்குப் போன பிள்ளைகள் உண்டு. பாஸ் பண்ணும் என்று டீச்சர் வீடு தேடி வந்து சொன்னது இவளைப் பற்றி மட்டும்தான்.

மச்சானுக்கு அந்த ஒரு பைத்தியம்தான். புள்ள சோதனை எழுதணும். சாராயம் குடிக்கமாட்டார், சீட்டு ஆடமாட்டார். பேசினால் அதைத்தான் பேசுவார். காவல்காரன் வேலை கேட்டுப் போனார். அது கண்டக்டருடைய ஊர்க்காரன் ஒருவனுக்குப் போய்ச் சேர்ந்தது. கண்டக்டர் என்றால் பஸ் கண்டக்டர் இல்லை. வெளிவேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர், தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அடுத்தபடி எங்களுக்குச் சாமி. அவர் மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சவரிமுத்து, நர்சரியில ஒட்டுக் கட்ட ஆள் வேணும். ஒக்காந்து செய்ற வேலைதானே. கொஞ்ச நாள் பாக்கிறேன். ஏலாட்டி வீட்டில இருந்து வேற பேர் தா."

வேற பேர். ஆடு மாடு கேட்பதுபோலக் கேட்டார்.

ஒட்டுக் கட்டுவது என்பது இதுதான். காட்டு ரப்பர்க் கன்றின் அடிப்பட்டையில் சின்ன ஜன்னல்போல வெட்டித் திறக்கவேண்டும். நல்ல சாதி மரத்துக் குச்சியிலிருந்து ஒரு மொட்டை அதன் பட்டையோடு சீவி எடுத்து அந்த ஜன்னலுக்குள் வைக்கவேண்டும். பிறகு பொலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றிக் கட்டவேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் கன்று செத்தது. மேலாக நின்றால் மொட்டு செத்தது. அதற்கென்று தோட்டத்தில் ஒரு மடக்குக்கத்தி கொடுப்பார்கள். ஒல்லியான பிடி. ஆட்காட்டி விரலைக் கத்தியின் முதுகில் வைத்து அழுத்துகிறவனுக்குச் செய்த சாமான். மச்சான் கையில் அது சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. இடது கையால் வெட்டிப் பார்த்தார். கோடு புழு ஊர்ந்த மாதிரிப் போனது. அதனால்தான் நாங்கள் கேகாலைக்கு பஸ் ஏறினோம்.

கபூர் நானா ஒவ்வொரு கத்தியாக எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று நாங்களும் சொல்வோம், நானா போன்ற முஸ்லிம் ஆட்களும் சொல்வார்கள். மச்சான் ஈரக் கையால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பிடித்தார்.

மாட்டுக்கொம்புப் பிடி போட்ட ஒன்று பார்வைக்கு ராசா. மடக்குகிற வில்லு அவ்வளவு இறுக்கம். இடது கையில் பிடியை வைத்துக்கொண்டு வலது பெருவிரல் நகத்தால் இழுத்து இழுத்துப் பார்த்தார். "இதைத் தொறக்கணும்னா தெனம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போகணும்" என்று கீழே வைத்தார். அடுத்தது தொட்டதும் திறந்தது, தொட்டதும் மூடியது. "இது என் மிச்ச மூணு விரலையும் கேக்குது நானா." இன்னொன்று நீளம், முனை எங்கே போகிறதென்று பெருவிரலுக்குத் தெரியவில்லை. வேறொன்றின் பிடி தகரம். ஈரம் பட்டதும் சுழன்றது. நான் பொறுமை இழந்தேன். "மச்சான், பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இவ்வளவு பாக்கலையே நீங்க" என்றேன்.

"ஒங்க அக்காவுக்கு ரெண்டு கை இருந்துச்சுடா. எனக்குத்தான் இப்ப இல்ல."

கடைசியில் நானா உள்ளே போய், விலைபோகாமல் கிடந்த ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். பார்க்க அசிங்கமான சாமான். குட்டைக் கத்தி, மரப்பிடி, பிடிக்கு நடுவில் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு. மச்சான் எடுத்தார். கடைசி இரண்டு விரல்களும் அந்த வயிற்றைச் சுற்றிக்கொண்டன. பெருவிரல் முதுகில் போய் உட்கார்ந்தது. கையைக் கவிழ்த்தார், உதறினார், மறுபடியும் தண்ணீரில் நனைத்து உதறினார். கத்தி அசையவில்லை. காலையில் ஒடித்துப் பையில் கொண்டுவந்திருந்த ரப்பர்க் குச்சியை எடுத்தார். இரண்டு நீளக் கோடு, ஒரு குறுக்குக் கோடு. பட்டை மூடிபோலத் திறந்தது. உள்ளே மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. "சாள்ஸு, புள்ள சோதனை எழுதிருவா" என்றார். கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நானா கத்தியையும் பில்லையும் ஒன்றாகக் காகிதத்தில் சுற்றினார். "பஸ்ல ஆமிக்காரன் ஏறினா பில்லைக் காட்டுங்க. நர்சரி வேலைக்கின்னு சிங்களத்தில சொல்லுங்க" என்றார். நாங்கள் சிங்களத்தில் சொல்வதற்கெல்லாம் பயந்தவர்கள் இல்லை. ஆனாலும் தமிழன் பையில் கத்தியோடு பஸ்ஸில் போகிற காலம் இல்லை அது. அரிசிப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தோம். அன்றைக்கு யாரும் ஏறவில்லை.

மறுநாள் முதல் மச்சான் நர்சரியில் உட்கார்ந்தார். வெட்டு என்றால் அப்படி ஒரு வெட்டு. பக்கத்தில் இருந்த பெண்டுகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது எங்களுக்கென்றே சொன்னது. வெட்டுவதற்குக் கத்தி கிடைத்தது. கட்டுவதற்கு விரல் கிடைக்கவில்லை. பொலித்தீன் நாடாவை இறுக்கிச் சுற்ற ஆட்காட்டி விரல் வேண்டும். பல்லால் கடித்தார், முழங்காலுக்கு இடையில் வைத்தார், இடது கையால் சுற்றினார். மற்றவர்கள் இரண்டு பாத்தி முடிக்கிற நேரத்தில் அவர் ஒன்றோடு நின்றார். சாயந்தரம் கண்டக்டர் அரைப்பேர் போட்டார். சொன்ன வேலை முடிந்தால் முழுப்பேர், முடியாவிட்டால் அரைப்பேர். அதாவது பாதிச் சம்பளம், பாதி ஆள். அரைப்பேராகவே ஓடிக்கொண்டிருந்தால் ஒருநாள் பேரே இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நிரோஷா அதைக் கேட்டாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் வெள்ளைச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, பழைய பாவாடையோடு நர்சரிக்கு வந்து அப்பாவுக்கு எதிரில் குந்திக்கொண்டாள்.

"நீ ஏன் வந்த? போய்ப் படி."

"நீங்க வெட்டுங்கப்பா. நான் கட்டுறேன். படிக்கிறத ராவுக்குப் படிச்சுக்கிறேன்."

அவர் திட்டிப் பார்த்தார். அவள் நாடாவை எடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் விரல் ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்வது. அப்பா மொட்டை வைத்துக் கையை எடுப்பதற்குள் நாடா மூன்று சுற்று சுற்றியிருக்கும். அன்றைக்கு முழுப்பேர். அதற்குப் பிறகும் முழுப்பேர். காலையில் அவர் தனியாகக் கொஞ்சம் முடிப்பார். பின்னேரம் அவள் வந்து மிச்சத்தை இழுத்துவிடுவாள். கண்டக்டர் பார்த்தும் பார்க்காதவர்போலப் போனார். நல்ல மனுசன் என்று அக்கா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். கூடக் குறைய இரண்டு பேருடைய வேலை ஒரு பேருக்குக் கிடைத்தால் யார்தான் நல்ல மனுசனாக இருக்கமாட்டான்?

கட்டை அவிழ்க்கும் நாள் வந்தது. மூன்று வாரம் கழித்து நாடாவை அறுத்துப் பார்த்தால் மொட்டு பச்சையாக இருக்கவேண்டும். கறுத்திருந்தால் போச்சு. மச்சான் கட்டின பாத்தியில் தொட்டதெல்லாம் பச்சை. கண்டக்டர் குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "ஷோக்" என்று பாராட்டினார். துரையிடம் சொல்வதாகவும் சொன்னார். மச்சான் அன்றைக்கு எங்கள் காம்பராவுக்கு வந்து, அந்த வயிற்றுக்கத்தியாலேயே ஒரு அன்னாசியைச் சீவி எல்லோருக்கும் கொடுத்தார். "டிசம்பர் வரைக்கும் இந்தக் கத்தி போதும்" என்றார். சில நாள் அவருக்குக் கை உளையும். அப்போது கத்தியைத் தரையில் வைப்பார். நிரோஷா எடுத்து இரண்டு மூன்று கன்று வெட்டுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே வந்தது.

கண்டக்டர் துரையிடம் சொன்னார். அதுதான் வினை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, நல்லது சொல்லப் போய் துரையே நேரில் பார்க்க வந்துவிட்டார். ஆவணி மாதம், பின்னேரம். கொழும்பிலிருந்து புதிதாக வந்த பையன் துரை. அவர் நர்சரிக்குள் நுழைந்தபோது நிரோஷா கட்டிக்கொண்டிருந்தாள். நான் பால் வாளியை இறக்கிவிட்டு, மச்சானோடு வீட்டுக்குப் போகலாம் என்று வேலியோரம் நின்றேன்.

துரை சிங்களத்தில் கேட்டார்: இது யார்? கண்டக்டர் சொன்னார். பேர் இருக்கிறதா? இல்லை. பேர் இல்லாத ஆள் நர்சரிக்குள் எப்படி வரலாம், நாளைக்குக் கத்தி கிழித்தால் யார் பதில் சொல்வது என்று துரை கேட்டார். மச்சான் எழுந்து நின்று, மகள் கட்ட மட்டும்தான் செய்கிறாள், வெட்டுவதெல்லாம் நான் என்று நல்ல சிங்களத்தில் சொன்னார். அப்போதுதான் துரை அவர் கையைப் பார்த்தார். இந்தக் கையிலா கத்தியைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கண்டக்டர் பக்கம் திரும்பினார்.

அவ்வளவுதான். அந்தக் கை வெட்டின பச்சையெல்லாம் அவர் காலடியிலேயே நின்றது. அதை அவர் பார்க்கவில்லை. இன்னொரு விரல் போனால் கம்பனி நட்ட ஈடு கட்டவேண்டும் என்ற ஒன்றுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. முதல் இரண்டு விரலை எடுத்தது அவர்களுடைய மெசின். அந்தப் பேச்சே எழவில்லை.

துரை போனபிறகு கண்டக்டர் எங்களிடம் வந்தார். "பவ் தமாய். பாவந்தான், நான் என்ன செய்ய? ரெண்டு பேர் சேந்து ஒரு பேருக்கு வேலை செய்றது சரியில்ல. ஒன் பேரை வெட்டச் சொல்லிட்டாங்க. புள்ளைட பேரைப் போடுறேன். வேலை தெரிஞ்ச புள்ள. காம்பராவும் அப்பிடியே இருக்கும்."

"ஐயா, டிசம்பர்ல சோதனை இருக்கு. அதுவரைக்கும் விடுங்க. அப்பறம் நானே கூட்டிட்டு வாறேன்" என்றார் மச்சான். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"ஒட்டுக் கட்டுற சீசன் இப்பதானே. டிசம்பர்ல ஆள் எடுத்து என்ன செய்ய?"

நான் சும்மா இருக்கவில்லை. "பின்னேரத்தில நான் வந்து கட்டுறேன் ஐயா, புள்ளைய விட்ருங்க" என்றேன். கண்டக்டர் சிரித்தார். "நீ கட்டினா யார் கையால வெட்டுறது? அந்தக் கைக்குத்தான் இப்ப தடை." வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டேன். எனக்கும் ஒரு காம்பரா இருக்கிறது, அதில் ஏழு உயிர் இருக்கிறது. ஏழையின் கோபம் அவன் வாயைத் தாண்டாது.

யூனியன் தலைவரிடம் போனோம். பேசுகிறேன் என்றார். தேத்தண்ணீர் குடித்தார். மறுபடியும் பேசுகிறேன் என்றார். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

மச்சான் காம்பராவை விட்டுவிடுவோம் என்றுகூடச் சொன்னார். எங்கே போவது? அக்காவுக்கு நாலு எட்டு வைத்தால் இளைக்கும். நான் அவளைப் பார்த்தேன், அவள் சுவரைப் பார்த்தாள். நிரோஷாதான் பேசினாள். "நான் போறேன்பா. சோதனைய அடுத்த வருசமும் எழுதலாம்." அடுத்த வருசமாம். செக்ரோலில் பேர் ஏறின பிள்ளை அடுத்த வருசம் சோதனை எழுதினதை இந்தத் தோட்டம் கண்டதில்லை. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை பெரட்டில் நிரோஷாவின் பேரைக் கூப்பிட்டார்கள். ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற இடம் அது. தோட்டத்துக் கத்தி ஒன்றைக் கொடுத்து நர்சரிக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி லயத்துக்கு ஓடி வந்தாள். லேசான தூறல், எனக்கு அன்று பால் வெட்டு இல்லை. நான் மச்சானோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, இந்தக் கத்தி எனக்குச் சரிவரல. நம்ம கத்தியக் குடுங்க."

அவர் உள்ளே போய் எடுத்துவந்து படியில் வைத்தார். அவள் குனிந்து எடுத்தாள், நகத்தைப் பள்ளத்தில் வைத்துத் திறந்தாள், பிடித்துப் பார்த்தாள். அப்போதுதான் நான் கண்டேன். அவளுக்கு ஐந்து விரலும் நல்லபடியாக இருந்தன. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, பெருவிரலாலும் கடைசி இரண்டு விரல்களாலும் அந்தக் கத்தியைப் பிடித்திருந்தாள். வெட்டுவதை அவள் பார்த்தது அப்பாவின் கையில்தான். கத்தி என்றால் அப்படித்தான் பிடிக்கவேண்டும் என்று அவள் விரல்கள் படித்திருந்தன.

மச்சானும் கண்டார்.

"அந்த ரெண்டு வெரலையும் நீட்டிப் புடிம்மா. ஒனக்குத்தான் இருக்கே."

அவள் நீட்டிப் பிடித்தாள். காற்றில் ஒருதரம் வெட்டிப் பார்த்தாள். கத்தி ஆடியது. மறுபடியும் இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டாள்.

"இப்பிடித்தான்ப்பா எனக்கு வருது" என்று சொல்லிவிட்டு, கத்தியை மூடிக்கொண்டு நர்சரிப் பக்கம் இறங்கிப் போனாள்.

மச்சான் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். போன வருஷம் அவர் செத்துப்போகும்வரை அந்தக் கையால் அவர் வேறு எந்தக் கத்தியையும் தொடவில்லை. இது 2009. நிரோஷா இன்னும் நர்சரியில்தான் இருக்கிறாள். இன்றைக்குக் காலையிலும் வேலியோரம் நின்று பார்த்தேன், மூன்று விரலால்தான் வெட்டிக்கொண்டிருந்தாள்.